சிலிண்டர் போரைப் பெரிதாக்கிய ஃபார்மால் எம் ட்ராக்டர்: பாதி இழுவையில் மூச்சு நின்றுவிடுகிறது, காரணம் என்ன?

கேள்வி

வணக்கம். அயோவாவில் வசிக்கும் நான், பக்கத்துப் பண்ணைப் பெரியவருடன் சேர்ந்து இரண்டு கோடைகளாகப் பழைய ட்ராக்டர் இழுவைப் போட்டிகளுக்குப் போய்வருகிறேன். எங்களிடம் இருப்பது 1948இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தயாரித்த ஃபார்மால் எம். அதன் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் முதலில் 3⅞ அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 5¼ அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 248 கன அங்குல என்ஜின். சென்ற குளிர்காலத்தில் ஸ்லீவ்களையும் பிஸ்டன்களையும் மாற்றிப் போரை 4⅛ அங்குலம் ஆக்கியதால், இப்போது அது 281 கன அங்குலம். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரையும், தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் தொடவில்லை.

களத்தில் நிற்கும்போது என்ஜின் முன்னைவிடக் கனமான குரலில் ஓடுகிறது. ஆனால் ஸ்லெட்டை (போட்டியில் இழுக்க வேண்டிய எடைவண்டியை) மாட்டி இரண்டாம் கியரில் கிளம்பினால், முதல் 150 அடி வரை சிங்கம்போல் போகிறது. 180 அடியை நெருங்கும்போது நிமிடத்துக்கு 1450 சுற்றிலிருந்து சடசடவென்று இறங்கி, கார்புரேட்டர் வழியாக இரண்டு முறை தும்மிவிட்டு நின்றுவிடுகிறது. ஸ்லெட் நகர நகர அதன் மேலுள்ள எடைப்பெட்டி முன்பக்கம் ஊர்ந்து வந்து பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு ஜான் டியர் ஜி ட்ராக்டர், எங்களைவிட மெதுவாக, 600 சுற்றுக்கும் கீழே இறங்கிய பிறகும் தம் பிடித்துக்கொண்டு 300 அடியையும் முடித்துவிட்டது. இவ்வளவு செலவு செய்து போரைப் பெரிதாக்கியும் அப்படித் தம் பிடிக்கும் உணர்வு எங்கள் வண்டியில் ஏன் வரவில்லை?

மறுமொழி 1

கார்புரேட்டர் சிறியதாக இருக்கிறது என்பதே என் கருத்து. 248க்காகச் செய்ததை 281இல் வைத்தால் எப்படிப் போதும்? வாய் அகன்ற கார்புரேட்டர் ஒன்றைப் போடுங்கள். அதோடு மேக்னெட்டோ டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) சற்று முன்னால் தள்ளிப் பாருங்கள்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியின் முதல் பாதி அவசரமானது, இரண்டாம் பாதி ஆபத்தானது. இருபது ஆண்டுகளாக இந்த என்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் அனுபவத்தில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த ஜான் டியர் ஜியோடு ஒப்பிடுவதைக் கணக்கோடு பார்ப்போம். அதன் இரண்டு சிலிண்டர்களும் 6⅛ அங்குல போர், 7 அங்குல ஸ்ட்ரோக் கொண்டவை. மொத்தம் 412 கன அங்குலம், ஆனால் அதன் நிர்ணயிக்கப்பட்ட வேகம் 975 சுற்றுதான். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும் என்பதால், ஜி நிமிடத்துக்கு ஏறத்தாழ 116 கன அடி காற்றை விழுங்குகிறது. உங்கள் 281, 1450 சுற்றில் ஏறத்தாழ 118 கன அடி விழுங்குகிறது. அதாவது காற்றின் கணக்கில் நீங்கள் அதற்கு இளைத்தவர் அல்லர். பழைய 248 அதே வேகத்தில் விழுங்கியது 104 கன அடிதான். போரைப் பெரிதாக்கியது வீண் போகவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த ‘உணர்வு’ வேறு இடத்திலிருந்து வருகிறது. ஜியின் கிராங்க் 180 பாகைக் கோணத்தில் அமைந்திருப்பதால், இரண்டு வெடிப்புகள் அடுத்தடுத்து வந்து, பிறகு நீண்டதொரு இடைவெளி விழும். ஒவ்வொரு வெடிப்பின் பின்னாலும் 206 கன அங்குலம் இருக்கிறது; உங்களுடையதில் 70தான். அந்த இடைவெளிகளை நிரப்புவது பக்கவாட்டில் வெளியே தெரியும் அந்தப் பெரிய ஃப்ளைவீல். இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு அடியும் தனித்தனியாக முதுகில் விழுவதுபோல் இருப்பதால், அது ஏதோ வற்றாத பலம் கொண்டது என்று தோன்றும். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் சத்தம் ஸ்லெட்டை இழுக்காது.

உங்கள் என்ஜின் வேகம் குறையும்போது திருகுவிசை (சுழற்றும் பலம்) அதிகரிக்க வேண்டும். நீங்கள் சொல்வதுபோல் சடசடவென்று விழக்கூடாது. அப்படி விழுந்து, கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது என்றால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் டைமிங்கை முன்னால் தள்ளினால், ஏற்கெனவே சூடாக எரியும் வறண்ட கலவை தட்ட ஆரம்பித்து, புதிய பிஸ்டனின் தலையிலேயே ஓட்டை விழுந்துவிடும். போர் பெரிதானதில் கம்ப்ரஷனும் (கலவை அமுக்கப்படும் விகிதமும்) ஏறியிருக்கும்: முன்பு 6 என்று வைத்துக்கொண்டால், தலைப்பகுதியின் இடம் மாறாதிருக்கும்பட்சத்தில் இப்போது 6.6க்கு மேல். ஆகவே டைமிங்கில் கை வைக்காதீர்கள்.

கார்புரேட்டரின் வாயை அகலமாக்கினால், வேகம் இறங்கும் நேரத்தில் வென்சுரி (கார்புரேட்டரின் குறுகிய கழுத்து) வழியாகப் போகும் காற்றின் ஓட்டம் மந்தமாகி, பெட்ரோலை உறிஞ்சும் சக்தியும் குறைந்துவிடும். உங்களுக்குப் பலம் தேவைப்படும் இடமே அதுதான்.

இரண்டு சோதனைகள் செய்யுங்கள். அடுத்த முறை வேகம் விழத் தொடங்கும்போது சோக்கைப் பாதி இழுங்கள்; அது காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும். என்ஜின் ஒரு கணமாவது எழுந்து நின்றால் சந்தேகமே வேண்டாம். பிறகு வீட்டில், கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, டேங்க் வால்வைத் திறந்துவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லி விழுகிறது என்று பாட்டிலில் பிடித்து அளந்து சொல்லுங்கள். வெட்டவெளியில், ஆறிய என்ஜினில் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. சோக்கை இழுத்ததும் வண்டி உண்மையிலேயே ஒரு மூச்சு எழுந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளின் பீங்கானும், வறண்ட கலவையின் அடையாளமாக, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. வடிகால் வழியாக முதல் பத்து விநாடி நன்றாக விழுந்த பெட்ரோல், பிறகு நூலாக மெலிந்துவிட்டது. நிமிடத்துக்கு 200 மில்லி. இது போதாதா?

மறுமொழி 2

போதாது. 281 கன அங்குலம் முழுப் பாரத்தில் 60 குதிரைத்திறன் தருகிறது என்று வைத்தால், மணிக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது நிமிடத்துக்கு 340 மில்லி குடிக்கும். வருவது 200 என்றால், முழுப் பாரம் ஏறிய அரை நிமிடத்திலேயே 70 மில்லி குறை விழுகிறது. அதுவரை கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணத்தில் ஏற்கெனவே நின்ற பெட்ரோல்தான் உங்களைத் தாங்கியிருக்கிறது. இரண்டாம் கியரில் மணிக்கு மூன்றரை மைல் என்றால் 180 அடிக்கு 35 விநாடி. கிண்ணம் வற்றும் நேரமும் நீங்கள் நின்ற இடமும் ஒத்துப்போகின்றன. பழைய 248 உழவில் இவ்வளவு கேட்டிருக்காது என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கும்.

டேங்க் மூடியின் காற்றுத் துளை, வண்டல் கிண்ணத்தின் வலை, கார்புரேட்டர் நுழைவாயிலிலுள்ள சிறு வலை ஆகிய மூன்றையும் பாருங்கள். குழாயின் நடுவில் யாராவது ஃபில்டர் போட்டிருக்கிறார்களா?

கேள்வி கேட்டவர்

போட்டது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. புதிய என்ஜினுக்குள் துரு போய்விடக்கூடாது என்று, காருக்கான காகித ஃபில்டர் ஒன்றைக் குழாயின் நடுவில் செருகியிருந்தேன். அது பம்ப் தள்ளும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்பதும், எங்கள் டேங்கிலிருந்து வெறும் உயரத்தால் இறங்கும் பெட்ரோலுக்குச் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம்கூட இல்லை என்பதும் அப்போது உறைக்கவில்லை. அதை எடுத்தெறிந்து, நுழைவாயில் வலையையும் கழுவினேன். அதன் கண்களில் பாதி, பழைய வார்னிஷ் பிசினால் அடைபட்டிருந்தது. இப்போது நிமிடத்துக்கு 520 மில்லி, மெலியாமல் விழுகிறது.

நேற்றைய போட்டியில் 271 அடி. 180 அடியில் வேகம் 1450இலிருந்து மெல்ல 1100க்கு இறங்கியது; ஆனால் அங்கேயே பிடித்துக்கொண்டு, முன்சக்கரங்களைத் தரையைவிட்டு ஒரு சாண் தூக்கியபடி இழுத்தது. கடைசியில் நின்றது என்ஜின் அல்ல. பின்சக்கரங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு சுழன்றதால் பெரியவர் கிளட்சை மிதித்துவிட்டார். பிளக்குகள் இளம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கின்றன. டயரின் காற்றழுத்தம் பற்றித் தனியாகக் கேட்கிறேன்.