பத்மநாபபுரம் கோட்டை வாசல் சுவரில் அரசங்கன்று: பிடுங்கிவிட்டு சிமெண்ட் அடைக்கலாமா?

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தினமும் வேலைக்கு பத்மநாபபுரம் கோட்டை வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். வாசலை ஒட்டின கருங்கல் சுவரில் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு அரசங்கன்று நிற்கிறது. போன வருஷம் நாலு இலைதான் இருந்தது, இந்த மழைக்கு அப்புறம் தண்டு பெருவிரல் பருமன் ஆகிவிட்டது. பக்கத்துக் கல்லும் லேசாக வெளியே தள்ளின மாதிரி தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்தாறு பேர் ஏணி வைத்து ஏறி, அதை வேரோடு பிடுங்கி, ஓட்டையை சிமெண்டால் அடைக்கலாம் என்றிருக்கிறோம். ஆசிட் விட்டால் மிச்ச வேரும் செத்துவிடும் என்கிறார்கள், சரியா? அரண்மனை பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது, இந்த வாசலை ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது எனக்கு ரொம்ப வருத்தம்.

சுண்ணாம்புக்கை:
தம்பி, தயவுசெய்து சிமெண்ட் வைக்காதீர்கள். நான் கொத்தனார், அப்பாவும் கொத்தனார்தான், பழைய கோயில் மதில் வேலை நிறைய பார்த்திருக்கிறோம். இந்த மாதிரி கோட்டைச் சுவரில் வெளியே தெரிகிற கல் ஒரு முகம்தான், உள்ளே மண்ணும் சல்லியும் நிரப்பியிருப்பார்கள். நம்ம ஊரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. அந்தத் தண்ணீர் மேலே இருந்து உள்ளே இறங்கி, கல் இடுக்கு வழியாகக் கசிந்து வெளியே வந்துவிட வேண்டும். சுண்ணாம்புக் காரை அதற்கு வழி விடும், சிமெண்ட் விடாது. இடுக்கை சிமெண்டால் அடைத்தால் தண்ணீர் உள்ளே நின்று மண் ஊறி, சுவர் வயிறு தள்ளும், அப்புறம் ஒரு பெரிய மழையில் கல்லோடு சரியும். ஆசிட் அதைவிட மோசம், வேரை விட முதலில் சுண்ணாம்பைத்தான் தின்னும்.

பெருவிரல் பருமன் ஆகிவிட்டால் பிடுங்கவும் கூடாது. வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியே நின்று சொல்ல முடியாது, இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். தண்டை அடியோடு அறுத்துவிட்டு, வெட்டுவாயில் மட்டும் மருந்து தடவி, வேர் முழுக்கப் பட்டுப்போகும் வரை பொறுத்திருந்து, அதற்கப்புறம் அந்தப் பொந்தில் சுண்ணாம்புக் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும். பழகின ஆள் செய்ய வேண்டிய வேலை இது. வெறுமனே வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கு நாலு கிளையாகத் துளிர்க்கும். காக்கை எச்சத்தில் விழுந்து இப்போதுதான் முளைத்த இரண்டு இலைக் கன்று என்றால் ஈரத்தில் கையாலேயே எடுக்கலாம், அதை எடுக்க வேண்டிய காலமும் அதுதான்.

வேளிமலை அடிவாரம்:
கொத்தனார் அண்ணன் சொன்னதுதான் சரி. நான் கோட்டைக்கு உள்ளே பிறந்து வளர்ந்தவள், அதனால் ஒன்று சொல்கிறேன். கல்குளம் என்ற ஊரில் மண் கோட்டை இருந்த இடத்தில்தான் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் இந்தக் கற்கோட்டை எழுந்தது. உள்ளே ஏறக்குறைய 186 ஏக்கர். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1809-இல் ஆங்கிலேயப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது இந்தக் கோட்டையும் பக்கத்து உதயகிரிக் கோட்டையும் சண்டை இல்லாமலே அவர்கள் கைக்குப் போயின. அன்று ஒரு குண்டுகூடப் படாமல் தப்பின சுவர் இன்று ஒரு அரசங்கன்றுக்கு விழுவதா என்று நினைத்தாலே எனக்கு ஆறவில்லை.

நவராத்திரிக்கு சரஸ்வதி அம்மன் யானை மேல் திருவனந்தபுரம் புறப்படும்போது, சின்ன வயதில் பாட்டி இடுப்பில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். சிவராத்திரிக்கு பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே போகிற சிவாலய ஓட்டக்காரர்கள் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு நீலகண்டசுவாமி கோயிலுக்கு ஓடி வருவார்கள். கோட்டைக்குள் இருக்கிற அரண்மனையை, 1956-இல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அப்புறமும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது, அதற்கு டிக்கெட் உண்டு, காவல் உண்டு. மதிலைப் பார்த்துக்கொள்ள இந்தப் பக்கத்து ஆட்கள் நாம்தான் குரல் கொடுக்க வேண்டும்.

மணவாளக்குறிச்சி சார்:
அனுமதி இல்லாமல் ஏணி வைக்காதீர்கள், நல்லது செய்யப் போய் கேஸ் ஆகிவிடும். கன்று, தள்ளின கல், முழுச் சுவர் என்று மூன்று போட்டோ எடுங்கள். ஒரு ஆளோ சைக்கிளோ பக்கத்தில் நின்றால் அளவு புரியும். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், உரிய துறைக்கு அவர்களே அனுப்புவார்கள். மனுவில் "சுண்ணாம்புக் காரையால் மட்டும்" என்று எழுத மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் டெண்டரில் சிமெண்ட்தான் வரும்.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி. நல்ல வேளை, கேட்டுவிட்டு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை போட்டோ மட்டும் எடுக்கிறோம். கீழ்வரிசைக் கல்லில் இரண்டு இலைக் கன்றுகள் ஏழெட்டு இருக்கின்றன, அதையும் சேர்த்து மனுவில் எழுதுகிறேன். அண்ணன், அனுமதி கிடைத்தால் ஒரு நாள் நேரில் வந்து பார்க்க முடியுமா? பஸ் ஸ்டாண்டுக்கு நான் பைக்கில் வருகிறேன்.

சுண்ணாம்புக்கை:
வருகிறேன் தம்பி. காலையில் மழை இல்லாத நாளாகச் சொல்லுங்கள்.