ஆர்ச்சுக்கு ஆளுக்குப் பத்தாயிரமா?

குளத்தங்கரை வீடு, சிங்கப்பூர்

நம்ம ஊர்க்காரங்க குழுவுல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட வாசல்ல ஆர்ச் கட்ட ஆளுக்குப் பத்தாயிரம்னு போன வாரம் வந்த மடலுக்குப் பதில் இது. கொஞ்சம் நீளம், சாப்பிட்டுட்டுப் படிங்க.

ஜூன் லீவுக்குப் பதினெட்டு நாள் ஊர்ல இருந்தேன். காலையில ஏழேகாலுக்கு ஆலமரத்து ஸ்டாப்புல தனியார் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் மூணு நிக்குது. எதிர்த்தாப்புலயே நம்ம பள்ளிக்கூடம். பதினோரு ஊருக்கு ஒரே மேல்நிலைப்பள்ளி. நாங்க ஆறாவது படிச்சப்ப ஈ செக்‌ஷன் வரைக்கும் இருந்தது. இப்ப ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ணு இங்கிலீஷ் மீடியம். வேன் ஏத்திவிட வந்த ஒரு பொண்ணுகிட்ட பேச்சுவாக்குல இதைச் சொன்னேன். "அங்க இங்கிலீஷ் மீடியமும் இருக்கா அக்கா?"ன்னு கேட்டுச்சு. அது வீடு பள்ளிக்கூடத்துக்கு நாலாவது வீடு.

மறுநாள் எச்.எம்.மைப் பார்க்கப் போனேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா மகளோட உட்கார்ந்திருந்தாங்க. யார்னு சொல்ல மாட்டேன். பத்தாவது வரைக்கும் வேன்ல போன பிள்ளை, நல்ல மார்க். கஜா புயல்ல தென்னை போச்சு, அப்புறம் ஃபீஸ் கட்டறதுக்குச் செயின் பேங்க்ல உட்கார்ந்திடுச்சு. இனி முடியாதுன்னு பதினொண்ணாவதுக்கு இங்க கொண்டாந்துட்டாங்க. சேர்த்து முடிச்சதும் அந்த அம்மா மெதுவா, "டாக்டர் சீட்டுல அரசுப் பள்ளிக்கு 7.5 சதவீதம் இருக்காமே சார், இவளுக்குக் கிடைக்குமா?"ன்னு கேட்டாங்க. எச்.எம். ஒண்ணும் பேசாம விரலை மடக்கினார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது... பன்னெண்டு வரைக்கும். "இவ்வளவும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்மா." அந்தப் பிள்ளை குனிஞ்சு தன் ஷூவையே பார்த்துக்கிட்டிருந்தா. பழைய பள்ளிக்கூடத்து ஷூ.

இதைச் சொல்லத்தான் இந்த மடல். 2020ல மருத்துவத்துக்கு அந்தச் சட்டம் வந்தது. மறுவருஷம் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம்னு மத்த தொழிற்படிப்புக்கும் கொண்டுவந்தாங்க. அதுல சீட் கிடைச்சா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டுது. காலேஜ் போற பொம்பளைப் பிள்ளைக்கு 2022லேருந்து புதுமைப் பெண், பையனுக்கு 2024லேருந்து தமிழ்ப் புதல்வன், மாசம் ஆயிரம். எல்லாத்துக்கும் அதே விரல் கணக்குதான், ஆறுலேருந்து பன்னெண்டு. ஆர்.டி.இ.யில, அதாவது கல்வி உரிமைச் சட்டத்து இலவச சீட்டுல, தனியார் பள்ளியில எட்டாவது வரைக்கும் படிச்சிட்டு ஒன்பதாவதுக்கு இங்க வந்தா சரி. காசு கட்டிப் படிச்சிட்டு வந்தா கிடையாது. எட்டாவதுல எழுதற என்.எம்.எம்.எஸ்.ங்கற உதவித்தொகைத் தேர்வுல ஜெயிச்சா ஒன்பதாவதுலேருந்து வருஷம் பன்னெண்டாயிரம், நாலு வருஷத்துக்கு. வேன்ல போற பிள்ளை அந்தத் தேர்வையே எழுத முடியாது.

வாத்தியாருங்க சும்மா இல்லை. பறை அடிச்சுக்கிட்டு ஃப்ளெக்ஸ் பிடிச்சுக்கிட்டு தெருத் தெருவா ஊர்வலம் போயிருக்காங்க. அந்த ஃப்ளெக்ஸை நான் பார்த்தேன். விலையில்லாப் புத்தகம், விலையில்லாப் பை, விலையில்லாக் காலணின்னு இருக்கு. செருப்பு தர்றோம்னு கூப்பிட்டா, நம்ம சனம் "நாம என்ன அவ்வளவு கெட்டா போயிட்டோம்"னு வேனைத்தான் பார்க்கும். டாக்டர் சீட்டைப் பத்தி அதுல ஒரு வரி இல்லை.

குறையையும் சொல்லிடறேன். பிசிக்ஸுக்கு நிரந்தர ஆள் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்துல காசு குடுத்து ஒரு பொண்ணை வச்சிருக்காங்க, நல்லாத்தான் நடத்துது. பொம்பளைப் பிள்ளைங்க கழிப்பறைக்குத் தண்ணி ஏத்தற மோட்டார் எரிஞ்சு கிடக்கு. ரெண்டு பிள்ளைங்க வாளியில தூக்கிட்டுப் போறதைக் கண்ணால பார்த்தேன்.

அதனால மோட்டார் வாங்குவோம். பஸ் வராத மூணு ஊருக்கு ஒரு வேன் விடுவோம். அஞ்சாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் மார்ச்சுக்குள்ள ஒரு நோட்டீஸ் அடிச்சு, நேர்ல போய்ப் படிச்சுக் காட்டிட்டு வருவோம். ஆர்ச் அப்புறம்.

பெரிய வீட்ல ஒரு நாள் மதியச் சாப்பாடு. நண்டு. ஆச்சி நல்லாயிருக்காங்க, எல்லாரையும் கேட்டாங்க. மாட்டுக்கொட்டகைக்குக்கூட நீல ஷீட் போட்டு நல்லாக் கட்டியிருக்காங்க.

—

ரைஸ்மில் வீடு, மஸ்கட்

நோட்டீஸ், மோட்டார், வேன் மூணும் சரி. எந்தக் கணக்குல வாங்கறது?

சங்கத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை வாங்கற அனுமதி கிடையாது. சிங்கப்பூர், கனடாப் பாஸ்போர்ட் எடுத்துட்டவங்க பத்து ரூபாய் குடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த நம்மாளுங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் அப்படித்தான். இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்க சொந்தச் சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பினா அந்தச் சட்டத்துல வராது. இதை நான் மூணாவது தடவையா எழுதறேன். இல்லேன்னா அரசாங்கமே 2022 டிசம்பர்ல ஆரம்பிச்ச நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம் இருக்கு. என்ன வேலைக்குன்னு குறிப்பிட்டுக் குடுக்கலாம், அதைப் பாருங்க.

ரெண்டாவது. 2018 நவம்பர் 16 கஜா. பள்ளிக்கூடக் கூரைக்கு இந்தக் குழுவுல வசூல் பண்ணினோம். பில்லு 60 ஷீட்டுக்கு. கூரையில ஏறினது 48. எண்ணினது நான், வெயில்ல நின்னு. மிச்சம் 12 ஷீட் எங்கன்னு ஒவ்வொரு ஆண்டுக்கூட்டத்துலயும் கேட்கிறேன். "காத்துல போச்சு மாமா"ங்கிறாங்க. புயலுக்கு அப்புறம் வாங்கின ஷீட் எந்தக் காத்துல போச்சு?

குளத்தங்கரை அம்மாடி, நீ எழுதின கடைசிப் பத்தியை நாலு தடவை படிச்சேன்.

—

பெரிய வீடு, துபாய்

பள்ளிக்கூடம் நிக்கிற மூணு ஏக்கர் யார் குடுத்ததுன்னு புதுசா சேர்ந்தவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க மறந்துட்டாங்க. தாத்தா பேரு ஒரு கல்லுல கூட இல்லை. பக்கத்து ஊர்ல ஒரு ஹைஸ்கூல், அதுக்கே ஆர்ச் இருக்கு, ராத்திரி லைட் எரியுது. பஸ்ல போறவன் நம்ம பள்ளிக்கூடத்தைக் குடோன்னு நினைக்கிறான். வெளியே மரியாதையா தெரிஞ்சாத்தான் பிள்ளை சேரும்.

அக்காவுக்கு ஒரே கேள்வி. உங்க தம்பி பிள்ளைங்க எந்த வேன்ல போகுது? நோட்டீஸை முதல்ல அங்க படிச்சுக் காட்டுங்க.

மாட்டுக்கொட்டகை எங்க சொந்தக் காசு. 2004 திருவிழாக் கணக்கை இன்னும் குடுக்காதவங்க என்கிட்டக் கணக்குக் கேட்க வேண்டாம்.

—

மேலத்தெரு, டொராண்டோ

சண்டைக்கு நடுவுல வர்றேன், மன்னிக்கணும். அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் தொங்குதா? நாலு மணிக்கு அதை அடிச்சா குளத்துக்கு அந்தப் பக்கம் கேட்கும். எங்கம்மா அந்தச் சத்தத்துக்குத்தான் அடுப்புல டீத்தண்ணி வைப்பாங்க. நாவல் மரத்தடியில தமிழய்யா பாடம் நடத்தறப்ப பழம் விழுந்து நோட்டெல்லாம் ஊதாக் கறை. என் பத்தாவது நோட்டு ஒண்ணு இங்க பேஸ்மென்ட்ல இருக்கு, கறையோட.

ஒரு விஷயம் மட்டும். நோட்டீஸ்ல இங்கிலீஷ் மீடியத்தைப் பெருசாப் போடாதீங்க. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலையில 20 சதவீதம் முன்னுரிமை, 2010லேருந்து. அப்புறம் ஒண்ணாவதுலேருந்தே தமிழ்வழின்னு ஆக்கிட்டாங்க. ஆறாவதுல மீடியம் மாத்தினா அது கைவிட்டுப் போச்சு. எந்தப் பிள்ளைக்கு எதுன்னு பெத்தவங்க முடிவு பண்ணட்டும், ஆனா தெரிஞ்சு பண்ணட்டும்.

—

குளத்தங்கரை வீடு, சிங்கப்பூர்

துபாய்த் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. என் தம்பி பிள்ளைங்க ரெண்டும் வேன்லதான் போகுது. அந்த ஃபீஸ் கட்டறதே நான்தான், நாலு வருஷமா. அந்தப் பொண்ணோட ஷூவைப் பார்க்கிற வரைக்கும் எனக்கும் அது பெருமையாத்தான் இருந்தது.

பெரியவன் இப்ப அஞ்சாவது. தம்பிகிட்டப் பேசினேன். "நீ பாட்டுக்குச் சொல்லிட்டு ஃப்ளைட் ஏறிடுவே, நாளைக்குத் தெருவுல நான் பதில் சொல்லணும்"னான். ரெண்டு நாள் பேசலை. கிளம்பற அன்னிக்கு ஏர்போர்ட் கார்ல, "வேன் வீட்டு வாசலுக்கு வருது, பள்ளிக்கூடத்துக்கு ரோடு தாண்டணும், அதுதான் இவளுக்குப் பயம்"னான். தம்பி பொண்டாட்டியைச் சொல்றான். இவ்வளவுதான் காரணம்னா அந்த ரோட்டுல ஒரு வேகத்தடை கேட்டு வாங்கறது ஆர்ச்சைவிட சுளுவு. இதையும் லிஸ்ட்ல சேர்த்துக்குங்க.

தாத்தா பேரைப் போட யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த மனுஷன் இடம் குடுத்ததாலதான் நான் பன்னெண்டாவது படிச்சேன். மோட்டார் ரூம் கட்டினா அதுல போடலாம். சின்னதாத் தெரியும்னா வேன்ல போடுங்க, தினம் மூணு ஊர் சுத்தும்.

தண்டவாளம் தொங்குது டொராண்டோ அண்ணா. ஆனா கரன்ட் பெல் வந்துட்டதால அடிக்கிறதில்லை. நாவல் மரம் கஜாவுல போச்சு.

—

ரைஸ்மில் வீடு, மஸ்கட்

வேகத்தடைக்குக் காசு வேண்டாம், மனு போதும். நான் எழுதித் தர்றேன். மோட்டாருக்கு மூணு கடையில கொட்டேஷன் வாங்கச் சொல்லியிருக்கேன்.

அம்மாடி, அந்தக் கொட்டகையில ஷீட்டை எண்ணினியா?

—

குளத்தங்கரை வீடு, சிங்கப்பூர்

சாப்பிடப் போன வீட்ல எப்படி மாமா எண்றது. ஆனா பள்ளிக்கூடக் கூரையும் அதே நீலம்தான்.