மத்ரஸா ஆலியாவில் தொழில்முனைவுப் பாடம்: எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். இந்தோனேசிய மத்ரஸா ஆலியா (இஸ்லாமிய மேல்நிலைப் பள்ளி) ஒன்றின் தொழில்முனைவுப் பாடத்தை ஸ்டஃபிள்பீமின் சிப் மாதிரியில் (சூழல், உள்ளீடு, செயல்முறை, விளைவு) மதிப்பிட வேண்டும். மாணவர் ஆர்வத்தை அளக்கும் 30 கேள்விப் படிவம் இருக்கிறது. போதுமா?

மறுமொழி 1: வ அலைக்குமுஸ்ஸலாம். போதாது. மதிப்பெண் போடும் ஆசிரியரே படிவத்தை நீட்டி "தொழில் தொடங்க ஆசையா?" என்றால் எந்தப் பிள்ளை இல்லை என்று எழுதும்?

முதலில் கால அட்டவணையைப் பாருங்கள். 2013 பாடத்திட்டத்தில் இந்தப் பாடத்துக்கு வாரம் 2 பாடவேளை, தலா 45 நிமிடம் இருந்தது. மாணவர் சிப்ஸ் செய்து விற்கிறார்கள் என்றால், வாழைக்காயைச் சீவி, பொரித்து, ஆறவைத்துப் பொட்டலம் கட்ட அது பத்தாது. மணி அடித்துவிடுமே என்று சூட்டோடு உறையை ஒட்டுவார்கள். உள்ளே வியர்த்து, நாலைந்து நாளில் சிப்ஸ் நமுத்துவிடும். அட்டவணையால் வந்த குறை இது. பிள்ளைகள் தலையில் கட்டாமல் 'செயல்முறை'யில் பதியுங்கள்.

'உள்ளீட்டில்' ஆசிரியரின் சொந்தப் பாடம் எது என்று கேளுங்கள். ஆசிரியர் தகுதிச் சான்று பெற்றவர் வாரம் 24 பாடவேளை காட்ட வேண்டும். அந்தக் கணக்கை நிரப்பவே இந்தப் பாடம் ஒருவர் கைக்குப் போவதுண்டு.

மறுமொழி 2: விளைவை அளக்கக் கணக்கு நோட்டை வாங்குங்கள். மாதிரிக்கு ஒன்று: 40 பொட்டலத்தில் 5 வீண், 35 விற்றது, தலா 4,000 ரூபியா, வரவு 1,40,000. செலவில் காய் 60,000, உறை 24,000 மட்டும் எழுதி, லாபம் 56,000 என்பார்கள். வீட்டிலிருந்து வந்த எண்ணெய் 36,000, எரிவாயு 12,000 சேர்த்தால் மிஞ்சுவது 8,000. நான்கு பேரின் மூன்று மணி நேர உழைப்புக்கு அதில் கூலி எங்கே? அடக்கவிலையை மாணவரே போட்டுக் காட்டட்டும். ஆர்வப் படிவத்தைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

மறுமொழி 3: முதலீட்டுப் பணம் எந்த ஒப்பந்தத்தில் வந்தது என்பதையும் பாருங்கள். பள்ளிக் கூட்டுறவு முளாரபா (ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, லாபத்தில் பங்கு) என்று பணம் கொடுத்துவிட்டு மாதம் இவ்வளவு என்று தொகை குறித்தால் அது முளாரபாவே ஆகாது. லாபத்தை விகிதத்தில்தான் பேசவேண்டும்; மாணவர் அசட்டை இல்லாதவரை நட்டம் முதல் போட்டவருடையது. ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) வகுப்பில் இதை ஒப்பிப்பவர்களிடம் கையெழுத்தான தாளைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: ஜஸாக்கல்லாஹ். பள்ளிச் சந்தையில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்றால் 'விளைவில்' சேர்க்கலாமா?

மறுமொழி 2: வாங்கியவர்களைப் பிரித்துச் சேருங்கள்: ஆசிரியர், பெற்றோர், வெளியார். வெளியாரில் இரண்டாம் முறை வந்து வாங்கியவர் எத்தனை பேர் என்பதைத் தனியே எழுதுங்கள்.