கிட்டார் ரிக்கும் ஆம்ப் ஹம்மும்: எங்கே தேடினோம், எங்கே கிடைத்தது

என் ரிக், அதாவது கிட்டாரிலிருந்து ஆம்ப் (ஒலிபெருக்கி) வரை உள்ள சாதனங்கள், சின்னதுதான். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள கிட்டார், ட்யூனர், ஓசையை மாற்றும் வா, ஃபஸ், ஓவர்டிரைவ் பெடல்கள், எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல் மாட்டும் இணைப்பு) ஒரு டிலே, கடைசியில் வால்வு ஆம்ப். பெடல்கள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் பொருத்திய பிறகுதான் ஹம் தொடங்கியது. ஸ்டாண்ட்பை ஸ்விட்சைத் தள்ளியதும் ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம். ஃபஸ்ஸை மிதித்தால் அதுவே முரட்டு இரைச்சலாக மாறும். தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பெடலும் அமைதியாக இருந்தது. சேர்த்தால்தான் தொல்லை.

நாய்ஸ் கேட் போடு என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்கிற யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. கை ஓய்ந்திருக்கும்போது கேட் சத்தத்தை அடைக்கும், அவ்வளவுதான். வாசிக்கும்போது ஹம் ஸ்வரத்துக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நீண்டு தேய்கிற ஸ்வரத்தின் வாலையும் அது நறுக்கிவிடும். ஹை கெயினில், அதாவது சிக்னலை மிக அதிகமாகப் பெருக்கி, வாசிப்பவர்களுக்குக் கேட் தேவைப்படும், சரி. ஆனால் காரணம் தெரிவதற்கு முன்னால் அதற்குச் செலவு செய்யக் கூடாது.

நான் முதலில் செய்தது, ஹம்மின் சுருதியைப் பார்த்தது. சுவர் மின்சாரம் சில நாடுகளில் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. அதே அதிர்வெண்ணில் ஹம் வந்தால் கிரவுண்ட் லூப் (சிக்னலின் பூஜ்ய வோல்ட் இணைப்பான கிரவுண்ட் இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாவது), பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் என்று சந்தேகப்படலாம். அதன் இரட்டிப்பில், அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வந்தால், பெரும்பாலும் ஆம்பின் பவர் சப்ளையில்தான் கோளாறு. மாறுமின்சாரத்தை (ஏசி) நேர்மின்சாரம் (டிசி) ஆக்கும்போது அலையின் இரண்டு பாதியும் பயன்படுவதால் மிச்சமிருக்கும் துடிப்பு இரட்டிப்பாகிறது.

இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், கிட்டாரே போதும். 50 ஹெர்ட்ஸ் நாடு என்றால் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி மெதுவாக வாசித்துப் பாருங்கள். சரியாகச் சுருதி சேர்த்த கிட்டாரில் அந்த ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஹம் 100-ல் இருந்தால் இரண்டும் கலந்து வினாடிக்கு இரண்டு தடவை அலையடிப்பது காதுக்கே தெரியும். ஹம் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் அது 50. 60 ஹெர்ட்ஸ் நாட்டில் ஐந்தாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட், 123.5 ஹெர்ட்ஸ். எனக்குக் கேட்டது கீழ்ஸ்தாயி.

அப்புறம் எல்லாக் கேபிளையும் உருவிவிட்டேன். வெறும் ஆம்ப் மட்டும். பெரும்பாலான ஆம்புகளில் இன்புட் ஜாக் காலியாக இருந்தால் அது தானே கிரவுண்டோடு சேர்ந்துகொள்ளும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே அப்போதும் ஹம் கேட்டால் அது ஆம்புக்குள்ளேயே இருக்கிறது. என் ஆம்ப் அமைதியாக இருந்தது. பெடல் எதுவும் இல்லாமல் கிட்டாரை நேராகச் சொருகினேன். கொஞ்சம் ஹம் வந்தது. கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு திசையில் கூடியது, இன்னொரு திசையில் ஏறக்குறைய அடங்கியது. இப்படித் திரும்பும்போது மாறினால் அது பிக்கப் காற்றிலிருந்து வாங்குகிற ஹம். கிரவுண்ட் லூப் ஹம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாது.

சிங்கிள் காயிலின் இயல்பு இது. காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள், கிட்டார் கம்பியின் அதிர்வையும் பிடிக்கும், அறையில் இருக்கும் மின்காந்தப் புலத்தையும் பிடிக்கும். 1955-ல் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர், ஹம்மை அழிக்கும் பிக்கப்பான ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது இதற்குத்தான். இரண்டு சுருள், ஒன்றின் சுற்றுத் திசையும் காந்த முனையும் மற்றதற்கு எதிர். கம்பியின் ஓசை கூடும், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அழிக்கும். மூன்று பிக்கப் கிட்டாரிலும் நடுப் பிக்கப்பை அப்படி எதிராகச் சுற்றியிருந்தால், ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் ஹம் இருக்காது. சிங்கிள் காயிலின் அந்தத் தெளிவான மணி நாதத்துக்காக இந்தக் கொஞ்சம் ஹம்மை நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன்.

மிச்சமெல்லாம் பலகையில் இருந்தது. பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது வா வந்ததும் ஹம் ஏறியது, அதுவும் மிதியின் நிலைக்கு ஏற்ப நிறம் மாறியது. பலகையைக் கவிழ்த்துப் பார்த்தால், பவர் சப்ளை சரியாக வாவுக்குக் கீழே. வாவுக்குள் இருக்கும் இண்டக்டரும் ஒரு கம்பிச் சுருள்தானே, அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் புலத்தை அது அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. சப்ளையைக் கழற்றிக் கையில் பிடித்து, ஆம்ப் ஒலிக்கும்போதே இஞ்ச் இஞ்சாக நகர்த்தினேன். ஒரு சாண் தள்ளிப் போனதும் ஹம் காணாமல் போயிற்று. பலகையின் எதிர் மூலையில் அதைத் திரும்பப் பொருத்தினேன்.

கடைசிக் காரணம் எஃபெக்ட்ஸ் லூப். டிலேயை லூப்பில் மாட்டியதும் கிட்டார் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதுகூட ஹம். முன்னால் இருக்கும் பெடல்களும் டிலேயும் ஒரே டெய்சி செயினில் (ஒரு அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குக் கிளைவிடும் மின்கம்பி) மின்சாரம் வாங்கின. ஆகவே ஆம்பின் கிரவுண்டிலிருந்து இன்புட் கேபிள் வழியாக ஓவர்டிரைவ், அங்கிருந்து மின்கம்பியின் மைனஸ் வழியாக டிலே, அங்கிருந்து லூப் கேபிள் வழியாகத் திரும்பவும் ஆம்ப் என்று ஒரு பெரிய வளையம். அறையில் இருக்கும் புலம் அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அதுதான் ஸ்பீக்கரில் கேட்கிறது. டிலேக்கு மட்டும் பேட்டரி போட்டதும் சுத்தமாக நின்றது. சோதனைக்குப் பேட்டரியை மிஞ்சிய கருவி இல்லை. ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் ஐசோலேட்டட் சப்ளைக்கு மாறிவிட்டேன். ஆம்புக்குப் போகும் கேபிள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினேன். வளையத்தின் பரப்பு சுருங்கினால் அது வாங்குகிற ஹம்மும் சுருங்கும்.

*

மேலே எழுதியவர் சொன்ன டெய்சி செயின் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். எனக்கு வந்தது ஹம் இல்லை, காதைக் குடையும் மெல்லிய ‘ஈஈ’ என்ற விசில். டிஜிட்டல் ரிவெர்ப் ஒன்றை அதே செயினில் மாட்டியதிலிருந்துதான். டிஜிட்டல் பெடலுக்குள் ஓடும் கிளாக்கின் சத்தம் பொதுவான மின்கம்பி வழியாகப் பக்கத்திலிருக்கும் டிஸ்டார்ஷனுக்குள் ஏறிவிடுகிறது, டிஸ்டார்ஷன் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. ரிவெர்புக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்ததும் தீர்ந்தது. இன்னொன்று: பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் சிலவற்றில் பிளஸ்தான் கிரவுண்ட். அவற்றை மற்ற பெடல்களோடு ஒரே செயினில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். பேட்டரி அல்லது பிரிந்த அவுட்புட், இரண்டில் ஒன்றுதான் வழி.

*

நான் பல வருஷமாக வால்வு ஆம்ப் பழுது பார்க்கிறேன். முதலில் எழுதிய நண்பருக்கு ஆம்ப் நன்றாக இருந்தது. என்னிடம் வருவதெல்லாம் மறுபக்கம்: எதுவும் சொருகாமல், வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும்போதே உறுமுகிற ஆம்புகள். இரட்டிப்பு அதிர்வெண்ணில் உறுமினால், சப்ளையின் துடிப்பைச் சமப்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டரைத்தான் முதலில் பார்ப்பேன். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வருஷம் போகப் போக உள்ளே காய்ந்துவிடும். தலை உப்பியிருக்கும், அல்லது காலருகே பழுப்பாகக் கசிந்திருக்கும். சில சமயம் வெளியே எதுவுமே தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

பவர் வால்வு ஜோடியும் காரணமாகலாம். இரண்டு பவர் வால்வு மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் ஆம்பில் இரண்டு பக்கமும் சமமாக மின்னோட்டம் எடுத்தால் சப்ளையின் துடிப்பு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று ரத்து செய்யும். ஒரு வால்வு சோர்ந்து போனால் அந்தச் சமநிலை கெடும், ஹம் வெளியே வரும். நன்றாக இருக்கிற ஜோடியை மாற்றிப் போட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஹம் 50 அல்லது 60-லேயே இருந்து, வால்யூமைத் திருகினால் கூடிக் குறைந்தால், முன்வரிசை வால்வைப் பாருங்கள். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஹீட்டருக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட் ஏசிதான் போகிறது. ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் (வால்வில் எலக்ட்ரானை வெளிவிடும் பகுதி) நடுவே கசிவு வந்தால் அந்த ஏசி நேராகச் சிக்னலில் கலக்கும். ஆம்பை அணைத்து, வால்வு ஆறிய பிறகு, வேறு வால்வு போட்டுப் பாருங்கள். பாதிக் கவலை அதிலேயே தீரும்.

ஆனால் சேசிஸை, அதாவது ஆம்பின் உள் உலோகப் பெட்டியை, திறக்காதீர்கள். 400 வோல்ட்டைத் தாண்டும் ஆம்புகள் நிறைய. பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். அதை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் நானே கை வைப்பேன். அது பழக்கமில்லாதவர்கள் பழக்கமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

*

யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன். பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள், டேப் ஒட்டி மறைக்காதீர்கள். நான் மேடை ஒலியமைப்பு செய்கிறவன். ஒரு நிகழ்ச்சியில் ஒலிச் சோதனையின்போது ஒரு பையன் கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதட்டை வைத்தான். சுள்ளென்று அடித்துப் பின்னால் தெறித்தான். அவன் ஆம்பைச் சோதித்தால், ஹம் போவதற்காக யாரோ எர்த்தைத் துண்டித்திருக்கிறார்கள். ஹம் போயிருந்தது உண்மை. சேசிஸில் கசிந்த மின்சாரம் போவதற்கு வேறு வழியில்லாமல் அந்தப் பையன் உடம்பு வழியாகப் போயிற்று. நல்லவேளை, உதட்டுக் காயத்தோடு தப்பினான். 1972-ல் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி வேல்ஸில் ஸ்வான்சி மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

துண்டிக்க வேண்டியது சிக்னல் பாதையின் கிரவுண்டை மட்டும்தான். கிட்டார் சிக்னலை மேடை மிக்சருக்கு அனுப்பும் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் அதைத்தான் செய்கிறது, மின்சாரத்தின் எர்த்தைத் தொடுவதில்லை. இரண்டு ஆம்பை ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கத்தின் சிக்னல் கேபிளில் மட்டும் 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். சிக்னல் காந்தம் வழியாகக் கடந்துவிடும், கம்பித் தொடர்பு இருக்காது, வளையம் அறுந்துவிடும்.

*

கம்பியைத் தொட்டால் சத்தம் குறைகிறதே, கிட்டாரில் ஏதாவது கோளாறா என்று என் தங்கை கேட்டாள். அவள் இப்போதுதான் ரிக் சேர்க்கிறாள். அது கோளாறில்லை. நம் உடம்பு சுற்றியிருக்கும் மின்புலத்தை வாங்கும் ஆன்டெனா. கம்பியைத் தொட்டதும் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) வழியாக அதுவும் கிரவுண்டாகிவிடுகிறது, ‘ஜ்ஜ்’ என்ற இரைச்சல் குறைகிறது. தொட்டால் அதிகமாகிறது என்றால்தான் கவனிக்க வேண்டும், அவுட்புட் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கலாம்.

அவள் கிட்டாரில் தொட்டாலும் மாறவில்லை, விட்டாலும் மாறவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் இன்னொன்றை ஜாக்கின் வெளிப்பகுதியிலும் வைத்தோம், பீப் வரவில்லை. பின்மூடியைத் திறந்தால் பிரிட்ஜ் வயர், வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சால்டர் மங்கி, உருண்டை உருண்டையாக இருந்தது, விரலால் தட்டியதும் கையோடு வந்துவிட்டது. அந்த உலோக முதுகு பெரியது, சூட்டை இழுத்துக்கொள்ளும், சின்ன சால்டரிங் அயர்னால் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அயர்னை நன்றாகச் சூடேற்றி, ஈயம் தானாகப் படர்ந்து பளபளக்கும் வரை காத்திருந்து ஒட்டினோம்.

திறந்ததோடு குழிக்குள் செம்புத் தகடு டேப்பும் ஒட்டிவிட்டோம். ஒட்டுபவர்கள் பசையும் மின்சாரம் கடத்துகிற டேப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டும் தனித்தனித் தீவாக நிற்கும். தகடு முழுவதும் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டியூப்லைட்டும் லைட் டிம்மரும் தரும் ‘ஜ்ஜ்’ இரைச்சல் இதனால் நன்றாகக் குறையும். டிரான்ஸ்ஃபார்மர் தரும் காந்த ஹம்முக்குச் செம்பு தடை இல்லை. அதற்கு மேலே சொன்ன மாதிரி தள்ளி உட்காருவதும், கிட்டாரைத் திருப்பிப் பிடிப்பதும்தான்.