சிவப்புக் குறி போட்டதெல்லாம் அவசரமா? அலுவலக மின்னஞ்சலில் கண்டதும் பட்டதும்

படகுத்துறைவாசி, பட்டர்வொர்த்

எங்களுடையது மலேசியாவில் ஒரு சரக்கு முகவர் அலுவலகம். தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் வெங்காயம், பருப்பு, மிளகாய் வற்றல் கொள்கலன்களைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிறோம். இந்தத் தொழிலில் பணத்தைக் காப்பாற்றுவதும் கரைப்பதும் ஒரே ஒரு மின்னஞ்சல்தான்: கப்பல் நிறுவனம் அனுப்பும் வருகை அறிவிப்பு. அதைப் பார்த்த பிறகுதான் கே1 சுங்கப் படிவம், கட்டணம், விடுவிப்பு ஆணை எல்லாம் நகரும். கொள்கலனைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கக் கொடுக்கும் இலவச நாட்கள் தீர்ந்துவிட்டால் துறைமுகம் ஒரு பக்கம் கிடங்குக் கட்டணம் கேட்கும், கப்பல் நிறுவனம் இன்னொரு பக்கம் தாமதக் கட்டணம் கேட்கும்.

இவ்வளவு முக்கியமான அறிவிப்பு எப்படி வருகிறது என்று நினைக்கிறீர்கள்? பெயரில்லாத ஒரு தானியங்கி முகவரியிலிருந்து, எழுத்தும் எண்ணுமாக நீளும் ஒரு பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) எண்ணைத் தலைப்பில் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் வருகிறது. அதே காலையில் விற்பனைப் பிரிவிலிருந்து சிவப்பு ஆச்சரியக்குறியோடு ஏழெட்டு வந்து கிடக்கும். விலைப்புள்ளி எங்கே, ஏன் இன்னும் பதில் இல்லை என்று ஒவ்வொன்றும் கூச்சலிடும். கண் எந்தப் பக்கம் போகும், சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே நான்கு பேர் ஒரே பொது அஞ்சல்பெட்டியைப் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் ஒரு கடிதத்தைத் திறந்துவிட்டால் போதும், மற்ற மூவருக்கும் அது படித்த கடிதமாகிவிடும். தடித்த எழுத்து மெலிந்து கூட்டத்தில் கலந்துவிடும். ஒரு பெண் காலையில் அந்த அறிவிப்பைத் திறந்தார், தன் கணக்கில் வரும் சரக்கு அல்ல என்று மூடிவிட்டார். அவர் மீது குற்றமில்லை. வெள்ளிக்கிழமை வந்த அறிவிப்பு, செவ்வாய்க்கிழமை நான் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. கொள்கலனுக்குள் இருந்ததோ வெங்காயம்.

அந்தப் பெட்டியில் ‘கேஐவி’ (கீப் இன் வியூ, அதாவது பிறகு பார்த்துக்கொள்ளலாம்) என்று ஒரு ஃபோல்டர் வேறு. நம் ஊர் அலுவலகங்களில் அதற்குள் போன எதுவும் உயிரோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

இப்போது எங்கள் அலுவலகத்தில், கப்பல் நிறுவனங்களின் முகவரியிலிருந்து எது வந்தாலும் தானாக ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி ரூல் போட்டிருக்கிறோம். யார் கவனிக்கிறாரோ அவர் தன் நிறத்தை அதில் குறிக்க வேண்டும். நிறமில்லாத கடிதம் யாருடையதும் அல்ல என்று பொருள். மதிய உணவுக்கு எழும் முன் நிறமில்லாதவை இருக்கின்றனவா என்று ஒருவர் முறைவைத்துப் பார்க்கிறார். உங்கள் இடங்களில் எப்படி? பாடப்புத்தக அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அக்கா, கணக்குத் துறையில் உங்கள் வெங்காயத்துக்கு இணையானது இ-இன்வாய்ஸ், அதாவது மின்-விலைப்பட்டியல். 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களிலிருந்து இது தொடங்கியது. விற்பவர் வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் பதிந்து, சரிபார்ப்பு முடிந்ததும், அதன் நகலை நமக்கு அனுப்புகிறார். தொகையிலோ விவரத்திலோ பிழை இருந்தால் அந்தச் சரிபார்ப்பிலிருந்து 72 மணி நேரத்துக்குள் நிராகரிக்கக் கேட்க வேண்டும். தவறினால் தொகையைத் திருத்த கிரெடிட் நோட், டெபிட் நோட் என்று சுற்ற வேண்டியதுதான். வெள்ளி மாலை சரிபார்க்கப்பட்டது திங்கள் மாலையோடு கைவிட்டுப் போகிறது. சனி ஞாயிறு என்று அது காத்திருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), பிசிபி (சம்பளத்தில் பிடிக்கும் மாத வரி) விவகாரங்களும் இதே பெட்டிக்குள்தான் வருகின்றன.

நான் செய்திருப்பது எளிய வேலை. என் பெயர் சிசி வரிசையில் இருந்தால் அந்தக் கடிதம் நேராக வேறு ஃபோல்டருக்குப் போய்விடும். மாலையில் ஒரு முறை பார்ப்பேன், பாதியைப் படிக்காமலேயே விடுவேன். எனக்கு மட்டும் என்று வருபவை அவுட்லுக்கில் நீல எழுத்தில் தெரியும்படி பார்வை அமைப்பை மாற்றியிருக்கிறேன். காலையில் முதலில் நீலம், பிறகு மற்றவை. அனுப்பியவர் போடும் சிவப்புக் குறியை நான் மதிப்பதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மேலதிகாரிகள் சிலருக்கு, வேலை செய்ய வேண்டியவரை சிசியில் போட்டுவிட்டு, மரியாதைக்காகப் பெரியவர்களை மேலே போடும் பழக்கம் இருக்கிறது. எங்கள் துறைத் தலைவர் அப்படித்தான். ‘என்னை மேல் வரிசையில் போடுங்கள்’ என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே அவருடைய முகவரிக்குத் தனி ரூல் எழுதி, அதை சிசி ரூலுக்கு மேலே வைத்து, ‘இதோடு நிறுத்து’ என்ற கட்டளையையும் சேர்த்தேன். ரூல்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும். பலர் ரூல் போட்டும் வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்வது இதனால்தான்.

சிவப்புக் குறியைப் பற்றி இன்னொன்று. எங்கள் தளத்தில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை மாலை ‘மிக அவசரம்’ என்று ஒரு கடிதம் வந்தது. பழக்கமான விற்பனையாளர், புதிய வங்கிக் கணக்கு எண், இன்றே செலுத்தவும். முகவரியில் ஓர் எழுத்துதான் வேறு. நல்லவேளையாக அந்தச் சகோதரி கடிதத்தில் கொடுத்திருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய கோப்பிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்தார். விற்பனையாளருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 997க்கு, தேசிய மோசடி நடவடிக்கை மையத்துக்கு. அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் அவசரம் என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு இன்னும் இறங்கிவிட்டது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர், பினாங்கு

தலைமையகம் கலிபோர்னியாவில். கோடையில் நாங்கள் அவர்களைவிட 15 மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் 16. அவர்கள் பகல் முழுவதும் எழுதுவது நாங்கள் தூங்கும்போது வந்து குவிகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் காலையில் பழைய கடிதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுவார்கள். பத்தாவது கடிதத்தில் ‘சிக்கல் தீர்ந்தது, நன்றி’ என்று இருக்கும். கடைசிக் கடிதத்தை முதலில் படி என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். ஒரே உரையாடலாகக் கோத்துக் காட்டும் அமைப்பை வைத்துக்கொண்டால் இது இன்னும் எளிது.

இயந்திரங்கள் அனுப்பும் எச்சரிக்கைகள் தனிக் கொடுமை. வெப்பநிலை கொஞ்சம் ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. அவற்றுக்கெல்லாம் ஃபோல்டர் போட்டு ஒதுக்கினோம். உண்மையான கோளாறும் சேர்ந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. கடைசியில் உற்பத்தி வரிசை நின்றால் தொலைபேசி, மின்னஞ்சல் பதிவுக்காக மட்டும் என்று முடிவானது. செந்தூல் அண்ணன் கோபப்படக் கூடாது, எத்தனை நிறம் பூசினாலும் மின்னஞ்சல் அவசரத்துக்கு ஏற்ற வழி அல்ல என்பது என் கட்சி.

தைப்பூசம் வந்தால் வேறு கூத்து. பினாங்கில் பொது விடுமுறை, நாங்கள் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் நிற்போம். அங்கே அவர்களுக்கு அது சாதாரண வேலை நாள். ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்று மட்டும் தானியங்கிப் பதில் வைத்தால் அவர்கள் இன்னும் மூன்று முறை எழுதுவார்கள். எந்தத் தேதி திரும்புவேன், அதுவரை எந்த விஷயத்துக்கு யார் என்று எழுதினால் அடங்குகிறார்கள். நாங்கள் அனுப்பும்போதும் தலைப்பிலேயே வேண்டியதையும் நாளையும் போட்டுவிடுகிறோம்: ‘ஒப்புதல் தேவை, உங்கள் புதன் மாலைக்குள், வார்ப்பு அச்சு மாற்றம்’. ‘உங்கள்’ என்ற சொல் முக்கியம், எங்கள் புதன் மாலையில் அவர்களுக்கு இன்னும் பொழுதே விடிந்திருக்காது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலாலம்பூர்

எங்களுக்கு டெலிமா கணக்கு, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம். திறந்தால் வகுப்பறைத் தளத்தின் அறிவிப்புகள்தான் பக்கம் பக்கமாக இருக்கும்: இந்த மாணவன் ஒப்படைத்தான், அந்த மாணவி கேள்வி கேட்டாள். அந்தத் தளத்தின் அமைப்பிலேயே அவற்றை அணைத்துவிடலாம், ஃபில்டர் தேவையில்லை. ஜிமெயிலில் இன்னொரு சிறு வசதி இருக்கிறது. அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால், எனக்கு மட்டும் வந்த கடிதத்துக்கு இரட்டை அம்புக்குறியும், பலரோடு சேர்த்து என் முகவரிக்கு வந்ததற்கு ஒற்றை அம்புக்குறியும் தெரியும். ஆனால் எங்களை மாட்டிவிடுவது வேறு. தலைப்பில் ‘மக்லுமான்’ (மலாயில் ‘தகவல்’) என்று மட்டும் இருக்கும். தகவல்தானே என்று விட்டால், இணைப்பின் இரண்டாம் பக்கத்தில் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாள் ஒளிந்திருக்கும். இதற்கு எந்த ரூலும் இல்லை, திறந்து பார்க்க வேண்டியதுதான்.

சட்ட அலுவலக எழுத்தர், ஜார்ஜ் டவுன்

எல்லாரும் ஃபோல்டர் ஃபோல்டர் என்கிறீர்கள். நான் ஒன்றுகூட வைத்திருக்கவில்லை. வழக்கு எண்ணைத் தேடலில் அடித்தால் வந்துவிடுகிறது. 2011இல் ஐபிஎம் ஆய்வாளர்கள், 345 பயனர்கள் பழைய கடிதங்களை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று 85,000க்கும் மேற்பட்ட தேடல்களைப் பார்த்தார்கள். ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்தவர்கள் அதனால் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. தேடல் பெட்டியைப் பயன்படுத்தியவர்கள் விரைவாகவே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் இழுத்து இழுத்து வைத்த நேரம் வீண். நீதிமன்றத்திலிருந்து வரும் விசாரணைத் தேதியை நான் கண்டவுடன் நாட்காட்டியில் ஏற்றிவிடுகிறேன். அதன் பிறகு அந்தக் கடிதம் எங்கே கிடந்தால் எனக்கென்ன?

படகுத்துறைவாசி, பட்டர்வொர்த்

ஐயா சொல்வது தேடி எடுப்பதைப் பற்றி. இருப்பதே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? வருகை அறிவிப்பு வந்திருக்கிறது என்று தெரிந்தால் நானும் எண்ணை அடித்து எடுத்துவிடுவேன். பழையதை அடுக்கி வைப்பது வீண் என்பதில் உங்களோடு நிற்கிறேன், எங்கள் அலுவலகத்திலும் முடிந்த கடிதங்கள் எல்லாம் ஒரே குவியல்தான். ரூல் தேவைப்படுவது புதிதாக வருபவற்றுக்கு. நாட்காட்டியில் ஏற்றும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். இலவச நாட்கள் முடியும் தேதியை அறிவிப்பைத் திறந்த கையோடு பொது நாட்காட்டியில் போட்டுவிட்டால், திறந்தவர் மறந்தாலும் மற்றவர்களுக்குத் தெரியும்.

தம்பி செந்தூல், ஒரு கேள்வி. கப்பல் நிறுவனக் கடிதம் வந்தால் ஓசை எழுப்பும்படி ஒரு ரூல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் ஒன்றுமே கேட்கவில்லை. ஏன்?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அக்கா, ஓசை எழுப்புவது, திரையில் எச்சரிக்கை காட்டுவது, கணினியில் உள்ள ஃபோல்டருக்கு நகர்த்துவது போன்ற ரூல்கள் அந்தக் கணினியில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் ஓடும். பட்டியலில் அதன் பக்கத்திலேயே அப்படிக் குறிப்பிட்டிருக்கும், பாருங்கள். சனிக்கிழமை கணினியை அணைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். அஞ்சல்பெட்டிக்குள்ளேயே ஃபோல்டர் மாற்றும் ரூல் சர்வரில் ஓடும், அதற்குக் கணினி வேண்டாம். கைப்பேசி ஐபோன் என்றால் அதன் மெயில் செயலியில் அந்த முகவரிகளை விஐபி என்று சேர்த்து, விஐபிக்கு மட்டும் ஓசையை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றின் ஓசையை முழுவதுமாக அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விற்பனைப் பிரிவு ஞாயிற்றுக்கிழமையும் விடாது.