குழந்தைகளுக்கு நூல் தேர்ந்தெடுக்கும்போது நீதியைப் பார்ப்பதா, கதைக்குள் இருக்கும் உலகத்தைப் பார்ப்பதா?

கேள்வி: மழலைவாசல்

ஏழு வயதாகும் என் மகள் தானாகவே கதைகள் எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய கதைகளில் காட்டைக் கடப்பவனும், புதிரை விடுவிப்பவனும், பேசும் விலங்கோடு நட்புக் கொள்பவனும் சிறுவர்களாகவே இருக்கிறார்கள். சிறுமிகளும் வருகிறார்கள், ஆனால் அவர்கள் காத்திருக்கிறார்கள், அல்லது காப்பாற்றப்படுகிறார்கள். வீட்டில் யாரும் அவளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் படித்த நூல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை இதே அமைப்பில் இருப்பதைக் கண்டேன். தனித்தனியாகப் பார்த்தால் எந்த நூலையும் குறை சொல்ல முடியாது. நேர்மை, உழைப்பு, இரக்கம் என்று நல்லவற்றையே அவை சொல்கின்றன.

ஒரு குழந்தை தன்னைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் கொள்ளும் எண்ணங்களைக் கதை நூல்கள் உண்மையிலேயே உருவாக்குகின்றனவா, அல்லது சுற்றியுள்ள உலகம் ஏற்கெனவே உருவாக்கியதைத் திருப்பிக் காட்டுகின்றனவா? உருவாக்குகின்றன என்றால், தேர்ந்தெடுக்கும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்? நல்ல கருத்துள்ள நூல்களாகவே பொறுக்கிக் கொடுத்தால் வாசிப்பின் மீதே அவளுக்குச் சலிப்பு வந்துவிடுமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு.

மறுமொழி: நூலகத் தோழன்

உங்கள் மகளின் வயதில் இதே போன்ற கதைகளை எழுதிய ஒருவர் பின்னாளில் உலகறிந்த எழுத்தாளர் ஆனார். நைஜீரியாவில் வளர்ந்த சிமமாண்டா ங்கோசி அடிச்சி, 2009-ஆம் ஆண்டு ஆற்றிய ஓர் உரையில், தாம் ஏழு வயதளவில் எழுதிய கதைகளின் மாந்தர் எல்லோரும் வெள்ளைத் தோலும் நீலக் கண்களும் உடையவர்களாக, பனியில் விளையாடுபவர்களாக, ஆப்பிள் தின்பவர்களாக இருந்தார்கள் என்று நினைவுகூர்ந்தார். அவர் வாழ்ந்த இடத்தில் பனி பெய்ததே இல்லை. அவர் படித்தவை பிரிட்டிஷ், அமெரிக்க நூல்கள். ஆகவே கதை என்றால் அதில் வெளிநாட்டார்தான் இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை முடிவு செய்துகொண்டது. அந்த நூல்கள் எதுவும் அப்படியொரு பாடத்தை வெளிப்படையாகக் கற்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். யார் கதைக்குள் வரத் தகுந்தவர் என்பதைக் குழந்தை, மீண்டும் மீண்டும் கண்டவற்றிலிருந்து தானே ஊகித்துக்கொள்கிறது.

இந்த ‘மீண்டும் மீண்டும்’ எவ்வளவு கனமானது என்பதைச் சிலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக், 1962 முதல் 1964 வரை அந்நாட்டில் வெளியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களை ஆராய்ந்து, அவற்றில் 6.7 விழுக்காட்டு நூல்களில் மட்டுமே கறுப்பின மாந்தர் ஒருவராவது இடம்பெற்றிருப்பதை 1965-இல் வெளியிட்டார். 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இருபதாம் நூற்றாண்டு முழுவதையும் சேர்ந்த 5,618 நூல்களை எடுத்துக்கொண்டது. சராசரியாக ஓராண்டின் நூல்களில் 57 விழுக்காட்டில் ஆண்பாலும் 31 விழுக்காட்டில் பெண்பாலும் முதன்மை மாந்தராக இருந்தனர். விலங்குகளை முதன்மை மாந்தராகக் கொண்ட நூல்களில் இந்த இடைவெளி இன்னும் அகலமாக இருந்தது: ஓராண்டின் மொத்த நூல்களில் 23 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் ஆண் விலங்கு, 7.5 விழுக்காட்டில் மட்டுமே பெண் விலங்கு. முயலும் கரடியும் ஆணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கதைக்கும் இல்லை. எழுதுபவரின் கை தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது.

இவை நூல்களில் என்ன இருக்கிறது என்பதற்கான கணக்குகள். குழந்தையின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை இவற்றைக் கொண்டு மட்டும் நிறுவிவிட முடியாது. ஆனாலும் உங்கள் மகள் எழுதும் கதைகளே அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு பகுதி விடை தருகின்றன என்று கருதுகிறேன். ஆகவே ஒவ்வொரு நூலாக எடைபோடாதீர்கள். அலமாரியை மொத்தமாகப் பாருங்கள்.

மறுமொழி: தூரிகை

சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் படத்தை முழுமையாக வாசித்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை ஒரு நூலை எடுக்கும்போது சொற்களை மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். யாருடைய கையில் கருவி இருக்கிறது, யாருடைய கை வெறுமையாக இருக்கிறது? யார் ஓடுகிறார்கள், யார் சன்னலோரம் நிற்கிறார்கள்? திருடனுக்கும் மருத்துவருக்கும் எந்த முகம் தரப்பட்டிருக்கிறது? கூட்டத்தை வரையும்போது அதில் முதியவர்கள், ஊன்றுகோலோடு நடப்பவர்கள், பலவகை நிறத்தவர்கள் இருக்கிறார்களா? நீதியைப் பற்றிப் பதிப்பாசிரியர்களோடு நீண்ட உரையாடல்கள் நடக்கும். பின்னணியில் நிற்பவர்களைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை.

இன்னொரு வகைக் குறையும் உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை கதையில் வருகிறது, ஆனால் மற்றவர்களுக்கு இரக்கம் கற்பிப்பதற்காக மட்டுமே வருகிறது. அந்தக் குழந்தைக்கு ஒரு குறும்பும் இல்லை, ஓர் ஆசையும் இல்லை. இதற்கு மாறாக, எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் எழுதி வரைந்த ‘பனி நாள்’ என்ற நூலில் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் ஒரு நாள் முழுக்கப் பனியில் விளையாடுகிறான், அவ்வளவுதான் கதை. அவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, யாருக்கும் பாடமாக இருக்க வேண்டியதில்லை. 1963-இல் அந்த நூலுக்கு, அமெரிக்காவில் சிறந்த படநூலுக்குத் தரப்படும் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. மேலே நண்பர் குறிப்பிட்ட லாரிக், அந்த நூலில் தாய் வரையப்பட்டிருக்கும் விதத்தைக் குறைகூறினார் என்பதும் உண்மை. அந்தக் குறை நியாயமாகவே இருந்தாலும், சும்மா விளையாடும் உரிமையை ஒரு குழந்தைக்குக் கொடுத்த அந்நூலின் துணிவு எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது.

மறுமொழி: கரும்பலகை

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன், ஒரு பெரும் தயக்கத்தோடு. அலமாரியைச் சரிசெய்யும் ஆர்வத்தில் நாம் ஒவ்வொரு நூலையும் மருந்தாக மாற்றிவிடக் கூடாது. நூல்கள் தன்னடையாளத்தையும் சமூகத்தையும் பற்றி மட்டும் பேசுவதில்லை. ‘வாசிப்பவர் என்பவர் யார்’ என்பதையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. கடைசிப் பக்கத்தில் நீதியும் அதற்கடியில் கேள்விகளும் அச்சிட்ட நூல்களையே தொடர்ந்து படிக்கும் குழந்தை, பெரியவர் மனத்தில் இருக்கும் விடையைக் கண்டுபிடிப்பதுதான் வாசிப்பு என்று கற்றுக்கொள்கிறது. அந்த நீதி பழைமையானதா முற்போக்கானதா என்பதால் இதில் எந்த வேறுபாடும் வருவதில்லை.

இது இன்று தோன்றிய பழக்கமும் இல்லை. லண்டனில் ஜான் நியூபெரி என்ற பதிப்பாளர் 1744-இல் குழந்தைகளின் மகிழ்ச்சிக்காகவும் என்று சொல்லி வெளியிட்ட சிறு நூலோடு, சிறுவனுக்கு ஒரு பந்தையும் சிறுமிக்கு ஊசி குத்திவைக்கும் சிறு மெத்தையையும் சேர்த்து விற்றார். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நற்செயலுக்குச் சிவப்பிலும் தீச்செயலுக்குக் கறுப்பிலும் குண்டூசி குத்த வேண்டும். ஆண் யார், பெண் யார், நல்ல பிள்ளை யார், நூல் எதற்கு என்ற நான்கு விடைகளும் ஒரே பொதியில் குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பொதிக்குள் இருக்கும் விடைகளை மட்டும் மாற்றிவிட்டு, ஊசி குத்தும் முறையை அப்படியே வைத்துக்கொள்ளும் நூல்கள் இப்போதும் வருகின்றன. நான் அஞ்சுவது அவற்றைத்தான்.

என் வகுப்பில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகள், தமக்கென்று எழுதப்பட்ட சீர்திருத்தக் கதைகளை மரியாதையோடு முடித்துவிட்டு, நகைச்சுவைக் கதைகளுக்கும் டைனோசர் நூல்களுக்கும் ஓடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த ஓட்டத்தைத் தடுக்காதீர்கள். உங்கள் மகள் விரும்பும் வகை எதுவோ, அந்த வகையிலேயே சிறுமி முன்னால் நடக்கும் நூல்களைத் தேடுங்கள். அவளுக்குப் புதிர் பிடிக்குமானால், சிறுமி துப்பறியும் புதிர்க்கதை வேண்டும். துணிவின் சிறப்பைப் பற்றிய கட்டுரைக்கதை வேண்டாம்.

மழலைவாசல்:

மிகவும் நன்றி. இன்னொன்றையும் கேட்க வேண்டும். அவள் உயிராக நேசிக்கும் சில பழைய நூல்களில் வேற்று இனத்தவரைப் பற்றிய சித்திரிப்பு எனக்கே கூச்சமளிக்கிறது. அவற்றை எடுத்து ஒளித்துவிடுவதா? அவளோ அவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.

மறுமொழி: நூலகத் தோழன்

ஒளிக்க வேண்டாம் என்றே சொல்வேன். பதிப்பாளர்களும் இந்த இடத்தில் திணறியிருக்கிறார்கள். அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸின் படைப்புகளைப் பேணும் நிறுவனம் 2021-இல் அவருடைய ஆறு நூல்களை இனி அச்சிடுவதில்லை என்று அறிவித்தது. 2023-இல் பிரிட்டிஷ் சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் தாலின் நூல்களில் சொற்களை மாற்றிய பதிப்பகம், எதிர்ப்பு எழுந்தபின் பழைய வடிவத்தையும் சேர்த்தே வெளியிடுவதாகச் சொன்னது. அவர்களுக்கு இல்லாத ஒரு வழி உங்களுக்கு இருக்கிறது: குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதே நூலைப் படிக்க உங்களால் முடியும்.

இத்தாலியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், ஹாரி பாட்டர் கதையில் வேற்றினத்தவர் இழிவுபடுத்தப்படும் பகுதிகளைச் சிறு குழுக்களாகப் படித்து ஆறு வாரம் உரையாடினார்கள். குடியேறி வந்தவர்களைப் பற்றிய எண்ணம் மேம்பட்டது, ஆனால் ஹாரியோடு தம்மை ஒன்றாக உணர்ந்த பிள்ளைகளிடம் மட்டுமே. முப்பத்து நான்கு பிள்ளைகளிடம் நடந்த சிறிய ஆய்வு என்பதால் இதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப முடியாது. ஆயினும் அன்பும் உரையாடலும் சேர்ந்திருந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உங்கள் மகள் அந்த நூல்களை நேசிப்பது இங்கே தடையாகாது, துணையாகவே இருக்கும்.

உரையாடல் விசாரணையாகிவிடக் கூடாது என்பதில் கரும்பலகை சொன்னது சரி. ‘இது தவறு, தெரிகிறதா?’ என்று கேட்டால் ‘தெரிகிறது’ என்ற விடைதான் வரும். ‘இந்தக் கதையை இதில் வரும் காட்டுவாசிச் சிறுவன் சொல்லியிருந்தால் எங்கிருந்து தொடங்கியிருப்பான்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவளுக்குத்தான் எழுதும் பழக்கம் இருக்கிறதே. விடையை அவள் தாளிலேயே எழுதக்கூடும். பேச விருப்பமில்லாத நாளில் விட்டுவிடுங்கள், அன்று கதையை மட்டும் படியுங்கள்.