டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்தால் மைலேஜ் கூடுமா?

நாலாம்கியர்: டிராக்‌ஷன் கண்ட்ரோல் பட்டனை அணைத்துவிட்டு ஓட்டினால் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்று நேற்று ஒருவர் எழுத, ஆளாளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கத்தான் அந்த அமைப்பு; வழுக்காதவரை எதிலும் தலையிடாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ்ஸுக்காக ஏற்கெனவே இருக்கிற சென்சார்கள் சக்கர வேகத்தை எண்ணிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பட்டனை அமுக்கினாலும் அவை எண்ணுவதை நிறுத்தாது. அப்புறம் பெட்ரோல் எங்கிருந்து மிச்சமாகும்?

பழையஸ்டியரிங்: எழுதியது நான்தான். டிஸ்ப்ளேயில் 14 காட்டியது 16 ஆனது, என் கண்ணால் பார்த்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிராக்‌ஷன் கண்ட்ரோல் பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?

மழைவைப்பர்: பிரேக் மட்டும் இல்லை அண்ணே, எஞ்சின் இழுவையையும் குறைக்கும். எஞ்சினுக்குள் காற்று போகிற த்ராட்டிலைச் சற்று மூடும், எரிபொருளைப் பற்றவைக்கிற ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், சில வண்டிகளில் இன்ஜெக்டர் எரிபொருள் பீய்ச்சுவதையே நொடிநேரம் நிறுத்தும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால்தான் பெட்ரோல் வீண், அதைத்தான் இது தடுக்கிறது.

பழையஸ்டியரிங்: சுற்றி வளைக்காதீர்கள். பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?

நாலாம்கியர்: பிடிக்கும், சக்கரம் வழுக்கும்போது மட்டும். அப்போது வழுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கும். காய்ந்த நெடுஞ்சாலையில் ஓட்டியதாகத்தான் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த விளக்கு எத்தனை முறை மினுக்கியது, சொல்லுங்கள்.

பழையஸ்டியரிங்: ஆக, பிடிக்கும் என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது! பிரேக் பிடித்தால் எரிபொருள் வீண், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 22 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான், விளக்கை எண்ணிக்கொண்டு ஓட்டுகிற ஆள் இல்லை. போன மாதம் டயர் பேச்சிலும் இவர் இப்படித்தான் பாடம் நடத்த வந்தார்.

நாலாம்கியர்: டயர் பேச்சை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கி உருளும், மைலேஜ் அடிபடும் என்றேன். குலுங்காமல் போகிறது, அதுவே போதும் என்று சண்டைக்கு வந்தீர்கள். மைலேஜ் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் காற்றைச் சரிபாருங்கள்.

கியர்குச்சி: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அந்த 14, 16 எல்லாம் எப்படி எடுத்த கணக்கு? டிஸ்ப்ளே காட்டுவது கார் தானாகப் போடுகிற கணக்கு. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடியும் நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தீர்களா? போகும்போது ஏற்றமும் எதிர்க்காற்றும், வரும்போது இறக்கம் என்றால் எந்தப் பட்டனும் இல்லாமலே எண் மாறும்.

பழையஸ்டியரிங்: டிஸ்ப்ளே பொய் சொல்கிறது, டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் அரிச்சந்திரன்! சரி, மணலிலும் சேற்றிலும் மாட்டினால் அதை அணைக்கச் சொல்லி கார் கையேட்டிலேயே போட்டிருக்கிறானே, அது ஏன்?

மழைவைப்பர்: அங்கே சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் வண்டி வெளியே வரும், அதனால். மைலேஜுக்காக இல்லை. எனக்கும் ஒருமுறை மைலேஜ் இறங்கியது, நானும் அந்தப் பட்டனைத்தான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். மூன்று வெதுவெதுப்பு, இடது முன்சக்கரத்தில் மட்டும் அனல், கருகிய வாடை வேறு. பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து, பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சரிசெய்ததும் பழைய மைலேஜ் வந்துவிட்டது. பட்டனை நான் தொடவே இல்லை.

பழையஸ்டியரிங்: பார்த்தீர்களா, கடைசியில் பிரேக்கில்தானே வந்து நின்றது! நான் முதலிலிருந்து என்ன சொல்கிறேன்?

நாலாம்கியர்: அது துருப்பிடித்த காலிப்பர் ஐயா, டிராக்‌ஷன் கண்ட்ரோல் இல்லை! மழையில் திருப்பத்தில் பின்சக்கரம் விலகும்போது காப்பாற்றுகிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் சில கார்களில் அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். உங்கள் பேச்சை நம்பி ஒருவர் அப்படி ஓட்டிப் போனால் யார் பொறுப்பு?

பழையஸ்டியரிங்: பேச்சை மாற்றாதீர்கள். பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?

கியர்குச்சி: டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கு இருக்கிறதா, இல்லையா?

பழையஸ்டியரிங்: முதலில் நான் கேட்டதற்குப் பதில்.